நாற்பதுக்குப் பிறகும் மை எழுதலாம்!

“இந்த வயதில் எனக்கு எதற்கம்மா மையும் பவுடரும்?”

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய நம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுப்பார்கள். தலை நிறையப் பூ வைப்பார்கள். கழுத்துக்கும் காதுக்கும் உள்ளதைப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் கண்ணுக்கு ஒரு கோடு மை எழுதச் சொன்னால் மட்டும் கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

சகோதரிகளே, இந்தக் கூச்சத்துக்குக் காரணம் வயது மட்டும் அல்ல. பலரும் ஒரு முறை முயன்று பார்த்துத்தான் கைவிட்டிருப்பார்கள். இருபது வயதில் எழுதியது போலவே அழுத்தமாக மை எழுதியிருப்பார்கள். அரை மணி நேரத்தில் மை கசிந்து, கண்ணுக்குக் கீழே கருப்பாக இறங்கியிருக்கும். “அம்மா, அழுதியா?” என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அன்றோடு மைக்கூடு அலமாரிக்குள் போயிருக்கும்.

தவறு உங்கள் முகத்தில் இல்லை, முறையில்தான் இருக்கிறது. கண் மாறிவிட்டது, மை எழுதும் முறை மாறவில்லை. அதை மாற்றிக்கொண்டால் அறுபதிலும் எழுபதிலும் கண் அழகாகவே இருக்கும். எப்படி என்று பார்ப்போமா?

கண்ணில் என்ன மாற்றம்?

நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் இமையின் தோல்தான். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட அதற்கு இல்லை. வயது ஏற ஏற இந்தத் தோல் இன்னும் உலர்ந்து, இழுவிசை குறைந்து, தளர்ந்து போகிறது. மேல் இமை சற்றுக் கீழே இறங்கி மடிகிறது. சிலருக்கு அந்த மடிப்பு இமை முடி வரைக்கும் வந்து தொட்டுவிடும். அதனால்தான் மேல் இமையில் எழுதிய மை மடிப்பில் ஒட்டி, இன்னொரு கோடாகப் பதிந்துவிடுகிறது.

வெயிலும் இதற்குத் துணை போகிறது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களும், புல் வெட்டும் பெண்களும் வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே பழகியவர்கள். கடைக்கண்ணில் விழும் கோடுகள் அந்த உழைப்பின் தழும்புகள். பால்மரம் வெட்டும் சகோதரிகள் விடியுமுன் எழுந்தவர்கள். பல ஆண்டு தூக்கக் குறைவு கண்ணுக்குக் கீழே தெரியும்.

இமை முடியும் புருவ முடியும் வயதானால் அடர்த்தி குறையும். மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்குக் கண்ணீர் சுரப்பது குறைந்து, கண் உலர்ந்து மணல் விழுந்தது போல உறுத்தும். உலர்ந்த கண்ணில் எரிச்சல் ஏற்பட்டுத் திடீரென்று நீர் கொட்டுவதும் உண்டு. மை கரைந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றோடு வெள்ளெழுத்து வேறு! கண்ணாடி போட்டால் மை எழுத முடியாது. கழற்றினால் கண் தெரியாது. இதற்கு எளிய வழி, முகத்தைப் பெரிதாகக் காட்டும் சிறிய நிலைக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்வதுதான். அதைப் பகல் வெளிச்சம் விழும் சன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள். குழல் விளக்கின் கீழே சரியாகத் தெரிந்தது வெளியே வந்தால் அதிகமாகத் தெரியும்.

மை எழுதும் முறை

முதல் விதி: மை கண்ணுக்கு உள்ளே வேண்டாம், வெளியே போதும்.

நம் பெண்கள் கீழ் இமையின் உள்விளிம்பில் மையை இழுத்துத்தான் பழக்கம். அந்த விளிம்பில் கண்ணுக்கு எண்ணெய்ப் பசை தரும் மிக நுண்ணிய துவாரங்கள் வரிசையாக இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்தப் பசைதான். மை அவற்றை அடைத்தால் ஏற்கெனவே உலர்ந்த கண் மேலும் உலர்ந்து எரியும். போதாக்குறைக்கு, உள்விளிம்பைக் கருப்பாக்கினால் கண் சிறுத்துத் தெரியும். இளம் வயதில் பெரிய கண்ணுக்கு அது அழகு. தளர்ந்த இமைக்கு அது சோர்வு.

ஆகவே மேல் இமை முடியின் அடியில், முடிக்கும் முடிக்கும் இடையே, சிறு சிறு புள்ளிகளாக வைத்து இணைத்துவிடுங்கள். கோடு மெல்லியதாக இருக்கட்டும். மூக்கின் பக்கம் மிக மெல்லிசாகத் தொடங்கி, கடைக்கண் பக்கம் சற்றே தடித்தால் போதும்.

இரண்டாவது விதி: இமையை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்து எழுதிய கோடு, கையை விட்டதும் நெளிந்துவிடும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கண்ணாடியைச் சற்றுத் தாழ்வாக வைத்துக் கீழ்நோக்கிப் பார்த்து எழுதுங்கள். பிறகு கண்ணைத் திறந்து நேராகப் பாருங்கள். கண் திறந்திருக்கும்போது கோடு எப்படித் தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது விதி: கடைக்கண் கீழே சாய்ந்திருந்தால் மையும் அதோடு சாய வேண்டியதில்லை. கண் முடியும் இடத்துக்குச் சற்று முன்பே கோட்டை லேசாக மேல்நோக்கித் திருப்பி நிறுத்திவிடுங்கள். இந்த ஓர் அசைவிலேயே முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும்.

கீழ் இமைக்கு மை எழுதாவிட்டாலும் குற்றமில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் கடைக்கண்ணிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், இமை முடிக்கு வெளியே, பஞ்சு சுற்றிய குச்சியால் மெதுவாகத் தேய்த்து விடுங்கள்.

ஈரமான மை வகையைவிடப் பென்சில் மை வயதான தோலுக்கு எளிது. மெதுவாக வழுக்கிச் செல்லும் மென்மையான பென்சிலாகப் பாருங்கள். அதன் மேல் சிறிது கருப்பு அல்லது காப்பிக் கொட்டை நிறப் பொடியை ஒற்றினால் கசியாது.

நிறமும் பவுடரும்

நம் மாநிறத்துக்கும் கருத்த நிறத்துக்கும் கருப்பு மை என்றும் பொருந்தும். ஆனால் தலைமுடி நரைத்தவர்களுக்குக் காப்பிக் கொட்டை நிறம் இன்னும் மென்மையாக இருக்கும். கருநீலம், கத்தரிப்பூ நிறம், பாசிப் பச்சை ஆகியவையும் நம் நிறத்தில் எடுப்பாகத் தெரியும். புடவையின் நிறத்தையே இமைக்கும் பூச வேண்டும் என்பதில்லை. புடவை பளிச்சென்று இருந்தால் கண் அடக்கமாக இருக்கட்டும்.

இமைக்கு நிறம் பூசும் ஐ-ஷேடோவில் மினுமினுப்பு உள்ளதைத் தவிருங்கள். மினுக்கும் துகள்கள் ஒவ்வொரு சுருக்கத்திலும் போய் உட்கார்ந்து, “இங்கே பார்” என்று காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டில் புகைப்படம் எடுக்கும்போது வெள்ளியும் வெள்ளையும் இன்னும் மோசம். மினுக்கம் இல்லாத நிறத்தை, இமை மடிப்புக்குச் சற்று மேலே பூசினால் தொங்கும் மடிப்பு உள்வாங்கியது போலத் தோன்றும்.

முகப்பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. குளித்து முடித்ததும் முகம் முழுக்க வெள்ளைப் பவுடரை அப்பிக்கொள்வது நம் பழக்கம். கண்ணுக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். உலர்ந்த தோலில் பவுடர் கோடு கோடாகத் தங்கி, முகத்தைச் சாம்பல் பூத்ததாக ஆக்கிவிடும். அந்த இடத்துக்குப் பசையுள்ள கிரீம் ஒரு துளி போதும். கருவளையம் அதிகமாக இருந்தால், வெளிர் நிறக் கிரீமைப் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். கருப்பு சாம்பலாக மாறும், அவ்வளவுதான். முதலில் ஆரஞ்சு கலந்த நிறத்தை மெல்லியதாக ஒற்றி, அதன் மேல் உங்கள் தோலின் நிறத்தை ஒற்றுங்கள்.

புருவத்தை மறந்துவிடாதீர்கள்

மையே வேண்டாம் என்பவர்கள்கூடப் புருவத்தைச் சரி செய்தால் பாதி வேலை முடிந்தது. வயதானால் புருவத்தின் வால் பகுதிதான் முதலில் மெலியும். அங்கே பென்சிலால் ஒரே கோடாக இழுக்காதீர்கள். ஒட்டவைத்தது போல இருக்கும். முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாகப் போடுங்கள். பென்சிலின் நிறம் அட்டைக் கருப்பாக வேண்டாம், கருங்காப்பி நிறம் நல்லது. நூல் வைத்துப் புருவம் திருத்துகிறவர்கள் மெல்லியதாக்கிவிடாதீர்கள். வயதான பிறகு எடுத்த முடி எல்லாம் திரும்ப முளைக்கும் என்று உறுதியில்லை.

எந்த மையை வாங்குவது?

அழகைவிட முக்கியமான விஷயம் இது. கவனமாகப் படியுங்கள்.

நம் பாட்டிமார்கள் விளக்கெண்ணெய்த் திரியில் புகை பிடித்து மை செய்தார்கள். அது வெறும் கரி. ஆனால் கடைகளிலும் பசார் மாலாமிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும் எல்லா மையும் அப்படிப்பட்டதல்ல. சுர்மா என்ற பெயரில் வரும் பொடிகள் சில, கலினா என்னும் தாதுவை அரைத்துச் செய்தவை. கலினாவின் எடையில் நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் ஈயமே! அலங்காரப் பொருளில் கலந்திருக்கக்கூடிய ஈயத்துக்கு ஆசியான் நாடுகள் வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் 20 பங்குதான்.

கண்ணில் இட்ட பொடி கண்ணீரோடு மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். கையில் ஒட்டியது சோற்றோடு வயிற்றுக்குள் போகும். உடம்பில் சேரும் ஈயம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகளுக்கோ மூளை வளர்ச்சியையே பாதிக்கும். இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாட்டி தன் கண்ணுக்கு இட்ட விரலாலேயே பேரப்பிள்ளைக்கும் மை இடுவது நம் வீடுகளில் நடப்பதுதானே? தயவு செய்து குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் இடாதீர்கள். கண் பெரிதாகும், பார்வை கூர்மையாகும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. திருஷ்டிக்குப் பொட்டு வைக்க வேண்டுமென்றால் சவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சும் பழைய வீட்டு மை இருக்கிறது. அதையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு முதல், ஓர் அலங்காரப் பொருளை விற்குமுன் அதைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ஓர் எண் உண்டு. என், ஓ, டி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் பொருளின் பெயர் வரும். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். எண் இருப்பதாலேயே அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் எண்ணும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை, என்ன கலந்தது என்ற விவரமும் இல்லை என்றால் அந்த மை நமக்கு வேண்டாம்.

கருவளையத்தைப் போக்கும் என்று விற்கும் வெளுப்புக் கிரீம்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாதரசம் கலந்திருந்ததால் அறிவிப்பு ரத்து செய்யப்பட்ட கிரீம்களின் பெயர்களை அந்த நிறுவனம் அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. கண்ணருகே அப்படிப்பட்ட கிரீமைத் தொடவே கூடாது.

வேலை நாளில் மை வேண்டாம்

மருந்து அடிக்கும் வேலைக்கும் உரம் போடும் வேலைக்கும் போகும் நாளில் மை எழுதாமல் போவதே நல்லது. வியர்வையில் மை கரைந்து கண் உறுத்தும். உறுத்தினால் கை தானாகக் கண்ணுக்குப் போகும். கையில் இருப்பது மருந்து! பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை உண்டு. அதற்காக மற்ற மருந்துகள் கண்ணுக்கு நல்லவை என்று ஆகிவிடாது. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே கழுவிவிட்டு, மருந்துப் போத்தலின் பெயரையும் குறித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். வேலை முடிந்து, குளித்து, உடுப்பு மாற்றிய பிறகு மை எழுத மாலைப் பொழுது இருக்கிறது.

துடைப்பதும் ஓர் அலங்காரமே

எவ்வளவு அசதியாக இருந்தாலும் மையோடு படுக்காதீர்கள். பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மூடிய இமைமேல் பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். பிறகு மேலிருந்து கீழாக மெதுவாகத் துடையுங்கள். வலமும் இடமுமாகத் தேய்த்தால் தளர்ந்த தோல் இன்னும் தளரும், கருவளையமும் கூடும். எண்ணெய் கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் முகம் கழுவிவிடுங்கள்.

தாயும் மகளும் ஒரே மையைப் பயன்படுத்த வேண்டாம். ஒருவர் கண்வலி மற்றவருக்கும் வரும். கண்வலி வந்து குணமானால் அப்போது பயன்படுத்திய மையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பென்சிலை ஒவ்வொரு முறையும் சற்றுச் சீவிவிட்டு எழுதுங்கள். இமை முடிக்குப் பூசும் மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காய்ந்துவிட்டது என்று அதில் தண்ணீரோ எச்சிலோ கலக்கவே கூடாது. சென்ற தீபாவளிக்கு வாங்கியது இந்தத் தீபாவளிக்கு ஆகாது, சகோதரிகளே!

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள், மருந்து விட்டுக் கால் மணி நேரம் கழித்து மை எழுதலாம். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், டாக்டர் அனுமதிக்கும்வரை சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

மையால் மறைக்கக் கூடாதவை

கண்ணாடியின் முன் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு வேலையும் செய்யலாம். வீட்டில் எல்லாருடைய உடம்பையும் பார்க்கும் நீங்கள் உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளும் நேரம் வேறு எது?

மூக்கை ஒட்டிய இமையில் மஞ்சள் நிறத் தடிப்பு தெரிந்தால், அது கிரீம் பூசி மறைக்கும் விஷயம் அல்ல. இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கலாம், சோதித்துப் பாருங்கள். புருவத்தின் வால் முடி கொட்டி, உடம்பும் எப்போதும் சோர்ந்து குளிர்ந்திருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைவாக இருக்கலாம். இமையில் ஆறாத புண்ணோ, வளர்ந்து வரும் கட்டியோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று விழுந்தால், அதோடு வாயும் கோணினால் அல்லது பேச்சு குழறினால், நாளை பார்ப்போம் என்று படுக்கக் கூடாது. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இந்நோய் இருந்தது; மற்ற இனத்தாரைவிட நம்மிடமே அதிகம். கண்ணின் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்களை இது வலியில்லாமல் கெடுக்கும். பார்வை மங்கிய பிறகு ஓடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். அரசாங்கக் கிளினிக்கில் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

யாருக்காக?

கடைசியாக ஒன்று. “கணவர் போன பிறகு எனக்கு எதற்கு?” என்று மையையும் பொட்டையும் ஒதுக்கி வைத்திருக்கும் சகோதரிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய கண்கள் அவை. அவற்றுக்கு ஒரு கோடு மை எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேண்டாம் என்பது உங்கள் விருப்பமானால் அதுவும் சரிதான். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் மட்டும் காரணமாக இருக்க வேண்டாம்.

மகள்மார்களே, மருமகள்மார்களே, அடுத்த பண்டிகைக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்கும்போது நல்ல மைப் பென்சில் ஒன்றும், முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். முதல் முறை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அடுத்த முறை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.